முப்பது மைலுக்கு அப்பால்

துணி கணுக்கால் வரைதான் எட்டியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களில் வலது பெருவிரலின் நகம் கறுத்திருந்ததை, வரிசையில் பதினோராவதாக நின்ற நேரியோ முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தான்.

பிணம் கெடாமலிருக்க எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். பனிக்காற்றில் காடியின் புளிப்பும் ஈரக் கம்பளி அங்கிகளின் வாடையும் கொழுப்பு மெழுகுவர்த்திகளின் புகையும் கலந்து தொண்டைக்குள் படிந்தன. மேசைக்கு அந்தப்பக்கம், பிணத்தை அறுக்கப்போகும் நாவிதர் தோல்வாரில் கத்தி தீட்டும் ஓசை சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

"என்னடா, இப்பவே ஓடப் பாக்குறியா?" முன்னால் நின்ற பந்தோல்ஃபோ திரும்பிச் சிரித்தான். "மூணு வருஷமாத் தவம் கிடந்தியே. நல்லாப் பாத்துக்க. அடுத்தது எப்பக் கிடைக்குமோ."

ஒரு பிணத்தையாவது அறுத்துப் பார்க்காதவன் மருத்துவத் தேர்வில் உட்கார முடியாது. அந்தப் பிணம் தூக்கிலிடப்பட்டவனுடையதாக இருக்க வேண்டும். இந்த ஊரிலிருந்து முப்பது மைலுக்கு அப்பால் பிறந்தவனாகவும் அவன் இருக்க வேண்டும். கடந்த இரண்டு குளிர்காலங்களில் அப்படி யாரும் கிடைக்கவில்லை. வசந்தத்துக்குள் பட்டம் வாங்காவிட்டால் வந்து அண்ணனோடு தோல் பதனிடு என்று அப்பா எழுதிவிட்டார்.

இனி ஒரு சத்தியம்தான் பாக்கி. இருபது மாணவர்களும் ஒவ்வொருவராகத் துணியைத் தூக்கி முகத்தைப் பார்த்து, வேதாகமத்தின்மேல் கைவைத்து, இவனைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒருவன் தெரியும் என்றாலும் உடல் கல்லறைக்குப் போய்விடும்.

"தெரியாது," என்றான் முதல் மாணவன்.

வரிசை ஓரடி நகர்ந்தது. அழுக்கு இல்லை. நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது.

போன மாதம் விறகுக் கட்டையை லாப்போவின் காலில் தவறவிட்டது நேரியோதான். லாப்போ அவனுடைய அறைத்தோழன். ஆறு நாள் முன்பு மலைக்கு அந்தப்பக்கமிருக்கும் தன் ஊருக்குக் கிளம்பியவன், கதவருகே நின்று, "என் போர்வைய எடுத்துக்கடா. ஆனா நான் வர்றதுக்குள்ள துவைச்சு வை, பன்னி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஊர் நாற்பது மைல்.

"தெரியாது."

அவனாக இருக்க முடியாது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் லாப்போவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். யாராவது கத்தியிருப்பார்களே. ஆனால் பார்த்து முடித்தவர்கள் சுவரோரம் போய் நின்றார்கள். ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாது."

பந்தோல்ஃபோவின் முறை. துணியைத் தூக்கினான். அவன் தோள்கள் இறுகின.

"தெரியாது." குரலில் சிரிப்பு இல்லை.

"ம், வாப்பா. எனக்குக் கை விறைக்குது," என்றார் வேதாகமத்தைப் பிடித்திருந்த முதிய சேவகர்.

நேரியோ துணியைத் தூக்கினான்.

லாப்போ.

கண்கள் மூடியிருந்தன. கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"சொல்லுப்பா."

கத்தி தீட்டும் ஓசை நின்றிருந்தது. சுவரோரம் நின்ற பத்துப் பேரும் இப்போது அவனைத்தான் பார்த்தார்கள். பந்தோல்ஃபோ மெல்லத் தலையசைத்தான். வேண்டாம்.

வேதாகமத்தின் தோல் அட்டை பனிக்கட்டிபோல் இருந்தது.

"தெரியாது."

மீதி ஒன்பது பேரும் சொன்னார்கள். உயர்ந்த நாற்காலியிலிருந்த ஆசிரியர் புத்தகத்தைப் பிரித்து, மேசையைப் பாராமலே வாசிக்கத் தொடங்கினார். துணியை விலக்கினார்கள். நாவிதர் தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரே கோடாகக் கீறினார்.

கோட்டிலிருந்து ஆவி எழுந்தது.

வெள்ளையாக. மூடி திறந்த பானையிலிருந்து எழுவதுபோல.

நாவிதர் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆசிரியர் ஈரலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

லாப்போவின் கண்கள் திறந்தன.

சுவரோரம் நின்ற முதல் முகத்தைப் பார்த்தன. பிறகு அடுத்தது. அவசரமில்லை. ஒவ்வொரு முகத்திலும் கொஞ்ச நேரம் நின்றன. ஏழாவது. எட்டாவது. ஒன்பதாவது. பந்தோல்ஃபோ.

நேரியோவிடம் வந்தன.

அங்கேயே நின்றன.