மூச்சு எடுக்கும் குமிழ்

மூன்றாவது குமிழை அவன் இன்னும் கம்ப்யூட்டரில் சொருகவில்லை. கனம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஒருமுறை இடது பக்கமாகத் திருப்பினான். சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கியது.

ஃபிரிட்ஜ் என்றால் அவ்வப்போது அடங்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. அவனுக்குப் பயப்பட நேரமும் இல்லை. மாலை ஆறு மணிக்குள் பதினோராவது அத்தியாயம் போய்ச் சேர வேண்டும்.

ஒலிப்புத்தகங்களுக்கு ஒலி வெட்டுவது அவன் தொழில். ஸ்டூடியோவில் கத்திரி என்றால்தான் அவனைத் தெரியும். புத்தகம் வாசிக்கிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் இழுக்கிற மூச்சைத் தேடிப்பிடித்து, சத்தத்தைத் தணித்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் ஆக்குவதற்கு அந்தத் தொழிலில் ‘மூச்சு எடுப்பது’ என்று பெயர். பதினாறு வருஷம் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி மூச்சு எடுத்ததில் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. சூடு தெரியாது, கூர் தெரியாது. சக்கரத்தை விட்டுவிட்டு, ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒரு குமிழ் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பத் திருப்ப ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிற குமிழாக வாங்குங்கள், விரலுக்குத் தெரியாதது காதுக்காவது தெரியட்டும் என்று நரம்பு டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

குமிழ் வாங்க இறங்கிய பிறகுதான் அது ஒரு தனி மதம் என்று தெரிந்தது. இணையத்தில் ஆளாளுக்கு மேஜைமேல் ஒரு குமிழை வைத்து, பக்கத்தில் ஒரு செடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பி, “இது என் சிந்தனையோட வேகத்தையே மாத்திடுச்சு” என்றார்கள். சிந்தனை என்று ஒன்று இருந்ததற்கான தடயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கத்திரி மூன்று குமிழ்களை வரவழைத்தான். முதலாவது பிளாஸ்டிக், டாக்டர் கேட்ட ‘டிக் டிக்’ அதில் இருந்தது, பார்க்க மருந்து பாட்டில் மூடி மாதிரியும் இருந்தது. இரண்டாவது ஏழு வண்ணத்தில் மின்னியது. திருப்புவதற்கு முன்னால் பிறந்த தேதி கேட்டது. மூன்றாவது, மூடிப்போன ஏதோ ஸ்டூடியோவின் பழைய சாமான். கறுப்பு உலோகம். கோடு இல்லை, எண் இல்லை, சத்தம் இல்லை. எவ்வளவு திருப்பினாலும் எங்கும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. வைத்தால் மேஜைக்கே ஒரு கௌரவம் வந்தது. கத்திரியும் மனிதன்தான். டாக்டரை மறந்துவிட்டு அதை எடுத்துக்கொண்டான்.

பக்கத்து அறையில் மனைவி படுத்திருந்தாள். நுரையீரலில் சளி கட்டி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தவள். மூச்சை இழுக்கும்போது கடைசியில் ஒரு மெல்லிய விசில் வரும். “அந்த விசில் கொஞ்ச நாள் இருக்கும், பரவாயில்ல. அது மாறினாலோ நின்னாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் நடுக்கதவைத் திறந்தே வைத்திருந்தான். ஹெட்ஃபோனில் ஒரு காதை மூடி, ஒரு காதை அவளுக்கு விட்டிருந்தான்.

போன் அடித்தது. புத்தகத்தை எழுதி, தானே வாசித்தும் இருந்த பேச்சாளர். தன் பெயருக்கு முன்னால் ‘வாழ்க்கைச் சிற்பி’ என்று தானே செதுக்கிக்கொண்டவர். எப்படி மூச்சு விட வேண்டும் என்று ஒன்பது மணி நேரம் பேசியிருந்தார்.

“தம்பி, போன அத்தியாயத்துல ரெண்டு இடத்துல என் மூச்சு கேக்குது.”

“மனுஷன்னா கேக்கத்தானே சார் செய்யும்.”

“அதான் பிரச்சினையே. நான் மனுஷங்கிற ஞாபகம் கேக்கிறவனுக்கு வரக்கூடாது. சுத்தமா எடுத்துடு.”

போனை வைத்த கையோடு உட்கார்ந்தான். புதுக் குமிழ் சொன்னபடி கேட்டது. சிற்பி காற்றை இழுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இடது பக்கமாக ஒரு திருப்பு. திரையில் ஒலிக்கோட்டில் இருந்த சிறு மேடு தணிந்து தரையானது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அந்தச் சத்தம் தேய்ந்தது. மாடியில் இழுபட்ட நாற்காலி பாதியில் ஓய்ந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது, ஆனால் பஞ்சின்மேல் நடப்பதுபோல நகர்ந்தது. வேலைக்கு வசதியாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டான். மரத்துப்போனது விரல் மட்டும்தானா என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

மிச்சம் இருந்தது அந்த விசில்தான். சிற்பியின் மூச்சு எங்கே முடிகிறது, அவளுடையது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் அது குறுக்கே குறுக்கே வந்தது. ஒரு மயிரிழை. வேண்டுமென்றுதான் திருப்பினான்.

விசில் மெலிந்தது.

தூங்கிவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இன்னொரு மயிரிழை. அவ்வளவுதான் என்று நினைத்தான். விரலுக்கு என்ன தெரியும்?

“ஏங்க.” தூரத்திலிருந்து வருவதுபோல அவள் குரல். “மூச்சு எடுக்க முடியல.”

“எனக்குந்தான் முடியல,” என்றான் திரையைப் பார்த்தபடியே. “இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு.”



இரண்டு மூச்சு எடுத்தான். மூன்றாவதில் கை நின்றது.

அவள் தொழில் பேசவில்லை. தன் மூச்சைச் சொன்னாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். விசில் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. தெரு இல்லை. வாயைத் திறந்து அவளைக் கூப்பிட்டான். கூப்பிட்டது அவனுக்கே கேட்கவில்லை.

குமிழை வலது பக்கம் திருப்பினான். எத்தனை சுற்று? கோடு இல்லை. எண் இல்லை. விரலில் ஒன்றும் இல்லை. இன்னும் வலது பக்கம். இன்னும்.

திரையில், அவன் தரையாக்கிய இடங்களில் மேடுகள் முளைத்தன. ஒவ்வொன்றாக. மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனுக்குள் சன்னமாக ஒரு சத்தம். சிற்பியுடையது அல்ல.

விசில்.

குமிழின் வயரைப் பிடுங்க மேஜைக்குக் கீழே கையை விட்டான். வயர் லேசாக வந்தது. அதன் முனை தரையில் கிடந்தது. அவன் அதைச் சொருகவே இல்லை.

நிமிர்ந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். கைக்கொன்றாக இரண்டு டம்ளர் டீ. ஆவி பறந்தது. முகம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரமாக இல்லாத தெளிவு.

“நல்லா தூங்கிட்டேங்க நெஞ்சு லேசா இருக்கு அந்த விசில் சத்தம் கூட நின்னுடுச்சு பாத்தீங்களா நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலன்னு டீ போட்டேன் இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம் எனக்கு ஒண்ணுமே செய்யல ஒண்ணுமே தெரியலங்க.”

எங்கும் நிறுத்தவில்லை. எங்கும் இழுக்கவில்லை. சுத்தமாக இருந்தது. அவன் வெட்டியதுபோல.

அவள் நெஞ்சைப் பார்த்தான். புடவை மடிப்பு அசையவில்லை.

போன் திரையில் வெளிச்சம். சிற்பி. ‘மூச்சு எடுத்தாச்சா தம்பி?’

“சூடா இருக்கு, இருங்க,” என்றாள். அவனுடைய டம்ளரைத் தன் வாயருகே கொண்டுபோனாள். உதட்டைக் குவித்தாள். கன்னம் உப்பியது. ஊதினாள்.

ஆவி ஆடாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனுக்குள், யாரோ டீயை மெதுவாக ஊதி ஆற்றினார்கள்.