சுத்தக்காரரின் பாட்டில்கள்

வந்தவர் வாசலில் தன் செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். பக்கத்தில் தாறுமாறாகக் கிடந்த கண்டக்டரின் செருப்பையும் எடுத்து நேராக வைத்தார். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

கண்டக்டர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த மனிதர் டம்ளரை வாங்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, தண்ணீரை ஜன்னலோரத் தொட்டிச் செடியில் ஊற்றிவிட்டு, "இப்ப ஊத்துங்க" என்று டம்ளரைத் திரும்ப நீட்டினார். கண்டக்டருக்குச் சுருக்கென்றது. காலையில் அவரே தேய்த்துக் கழுவிய டம்ளர் அது!

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்போது ஒரே உத்தியோகம்தான்: மனைவிக்கு ஐஸ் பெட்டி தூக்குவது. மனைவி கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். சாக்கடையில் வாழும் பாக்டீரியா எந்தெந்த வழியாகக் குடிநீருக்குள் புகுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அக்கம்பக்கத்தில் அவருக்குக் கிருமியம்மா என்று பெயர். அந்தப் பெயரில் கண்டக்டருக்கு மனைவியைவிடப் பெருமை அதிகம்.

"சொல்லுங்க" என்றார் கிருமியம்மா.

"நகராட்சியில பரிசோதனைக்குத் தண்ணி பிடிக்கறவன்மா நான். சுத்தக்காரர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷம் உப்புப் பரிசோதனைக்கு எடுத்தேன். இப்ப அஞ்சு வருஷமா கிருமிப் பரிசோதனைக்கு எடுக்கறேன். இன்னும் மூணு மாசத்துல ரிட்டயர்மென்ட். போன மாசம் கண் ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் லீவு போட்டேன். என் பொண்ணு அதே ஆபீஸ்ல தற்காலிகமா இருக்கா. எனக்குப் பதிலா அவதான் போனா. ஊர்க் கோடியில இருக்கற கடைசித் தெரு பாட்டில் மட்டும் ரெண்டு வாரமும் கெட்டுப்போச்சு. மலக்கிருமி இருக்குன்னு ரிப்போர்ட். நான் திரும்பி வந்து அதே குழாய்ல பிடிச்சேன். சுத்தம்! அடுத்த வாரமும் சுத்தம். பொண்ணு கை வச்ச லட்சணம்தான் இதுன்னு இன்ஜினீயர் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமையோட அவளை நிறுத்தப்போறாங்க."

"பொண்ணு என்ன சொல்றா?"

"அதான்மா வயிறு எரியுது. வாயே திறக்க மாட்டேங்கறா. யார் காரமா ஒரு வார்த்தை சொன்னாலும் பொறுக்காதவ, இப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா."

கண்டக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஆய்வகத்துல எவனோ பாட்டிலை மாத்திட்டான்! வேலையில கண்ணு வச்சிருக்கான். நான் வேணும்னா போய் நோட்டம் பார்க்கட்டுமா?"

"பஸ்ல பர்ஸ் தொலைஞ்சா கடைசி சீட்டுல இருந்தவனைத்தான் முதல்ல பிடிப்பீங்களோ?" என்று சிரித்தார் கிருமியம்மா. "கொஞ்சம் சும்மா இருங்க. கை அழுக்குன்னா அன்னைக்கு எடுத்த எல்லாத் தெரு பாட்டிலும்தானே கெட்டிருக்கணும்? ஏன் ஒரு தெரு மட்டும்?"

மறுநாள் காலை ஐஸ் பெட்டியோடு கடைசித் தெருவுக்குப் போனார்கள். தெருக்குழாய்க்கு எதிரே ஒரு தையற்கடை. தையற்காரர் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"வயித்துப்போக்கா? தெருவுல பாதிக் குழந்தைங்களுக்கு வந்துச்சு. இப்பத்தான் கொஞ்சம் தேவலை. எல்லாரும் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கறோம்."

"யார் சொல்லிக் கொதிக்க வைக்கறீங்க?"

"பாட்டில்ல தண்ணி பிடிக்க வர்ற பொண்ணு. போன ஞாயித்துக்கிழமை வீடு வீடா ஏறி இறங்கிச்சு. சொன்னது நான்னு ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு வேற கேட்டுக்கிச்சு, பாவம்."

"பார்த்தியா! என்னமோ மறைக்கறா" என்று கண்டக்டர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். கிருமியம்மா குழாயடிக்கு நடந்தார்.

சுத்தக்காரரும் அவர் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு இருபத்தாறு வயசிருக்கும். அப்பாவின் கண்ணுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டே வந்தாள். கிருமியம்மா முதலில் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளாயிற்று. "குளோரின் நல்லாவே இருக்கு" என்றார்.

பிறகு அவர்கள் கொண்டுவந்த நகராட்சி பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது கண்டக்டர். ஒன்றைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "அடியில வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கே! ஒழுங்காக் கழுவலை போல."

"ஆய்வகத்துக்காரங்க அப்படித்தான் சார்" என்றார் சுத்தக்காரர். "நான் பார்த்துக்கறேன்."

அவர் வேலை செய்வதைப் பார்க்கவே அழகாக இருந்தது. குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் தீ காட்டி, சில நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டார். பாட்டிலைத் திறந்து, அதே தண்ணீரில் மூன்று முறை அலம்பி, பிறகு பிடித்து மூடினார். இப்படி இரண்டு பாட்டில். மகளும் இரண்டு பிடித்தாள்: திறந்தாள், பிடித்தாள், மூடினாள். அப்பா அலம்பும்போது மட்டும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதைக் கண்டக்டர் பார்த்தார்.

கிருமியம்மா அப்பாவின் இரண்டாவது பாட்டிலைத் திறந்து, தான் கொண்டுவந்திருந்த, கொதிக்க வைத்து ஆறிய கரைசலில் இரண்டு சொட்டு விட்டு மூடினார். நான்கும் ஐஸ் பெட்டிக்குள் போயின.

அடுத்த நாள் கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் சூட்டுப்பெட்டிக்கு முன்னால் நடையாய் நடந்தார். "திறக்காதீங்க, சூடு போயிடும்" என்று மனைவி இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது. கடைசியில் பாட்டில் தண்ணீரை விட்டு வைத்திருந்த நான்கு தட்டுகளை வெளியே எடுத்தபோது மூன்றில் கிருமிகள் பச்சைப் புள்ளிகளாகப் பொன்வண்டு முதுகு போல மின்னின. அப்பாவின் முதல் பாட்டில் தட்டு மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"அப்பாவோட ரெண்டாவது பாட்டிலும் கெட்டிருக்கே!" என்றார் கண்டக்டர். "அப்போ அந்தச் சொட்டுலதான் கிருமியா?"

"அந்தச் சொட்டை வெறும் தண்ணியில விட்டும் வளர்த்துப் பார்த்தேன். ஒண்ணுமே வளரலை." கிருமியம்மாவின் முகத்தில் வெற்றிக் களை இல்லை. "பாவங்க அந்த மனுஷர். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

வியாழக்கிழமை இன்ஜினீயர் அறையில் எல்லாரும் கூடினார்கள். கிருமியம்மா தட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"யாரும் பாட்டிலை மாத்தலை. யார் கையும் அழுக்கில்லை. கடைசித் தெருவுல சாக்கடை, குடிநீர்க் குழாய்க்குள்ள கசியுது. ஜனங்க பிடிக்கற தெருக்குழாய்க்கு ரொம்பப் பக்கத்துல கசியறதால கிருமியைக் கொல்லக் குளோரினுக்கு நேரம் போதலை. ஜனங்க அதை அப்படியே குடிக்கறாங்க. ஆனா பாட்டில்ல பிடிச்ச தண்ணி, ஆய்வகம் போக ரெண்டு மணி நேரம் ஆகுது. அந்த நேரத்துல குளோரின் தன் வேலையை முடிச்சுடும். தண்ணி சுத்தமா இருந்த மாதிரி காட்டும். அது நடக்கக் கூடாதுன்னுதான் குளோரினை உடனே முறிக்கற மருந்தைப் பாட்டில் அடியில போட்டு அனுப்பறாங்க. வெள்ளையா ஒட்டியிருக்குமே, அது."

கண்டக்டருக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. ஐயோ என்றிருந்தது.

"அலம்பினா மருந்து போயிடும்" என்று கிருமியம்மா மெதுவாகச் சொன்னார். "அலம்பின பாட்டில் ஒண்ணுல அதே மருந்தை நான் திரும்ப விட்டேன். கிருமி தெரிஞ்சுடுச்சு. உப்புப் பரிசோதனைக்கு மூணு தடவை அலம்பறதுதான் முறை. இருபது வருஷம் கையில ஊறின பழக்கம். பிரிவு மாத்தினப்ப இங்க வேற முறைன்னு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கணும்."

இன்ஜினீயர் தலையைத் தடவிக்கொண்டார். மகள் சட்டென்று முன்னால் வந்தாள். "இல்ல சார்! நான்தான் சரியாப் பிடிக்கலை. எழுதித் தரேன். என்னை அனுப்பிடுங்க."

"உனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றார் கிருமியம்மா. "உன் கைதான் காரணம்னு நீ நினைச்சிருந்தா, வீடு வீடாப் போய்த் தண்ணியைக் கொதிக்க வைக்கச் சொல்லியிருப்பியா?"

சுத்தக்காரர் மகளைப் பார்த்தார். "தெரியுமா?"

அவளுக்கு அழுகை முட்டியது. "பயிற்சியில சொன்னாங்கப்பா, அலம்பக் கூடாதுன்னு. நீங்க திரும்பி வந்த அன்னைக்குப் பக்கத்துல நின்னு பார்த்தேன். மூணு மாசத்துல மாலை போட்டு அனுப்பப்போறாங்க உங்களை. எனக்கு வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு இந்தப் பேரைத் தவிர என்ன இருக்கு?"

"அடிப்பாவி மகளே" என்றார் அவர். "கொதிக்க வைக்க மறந்த வீட்டுல ஒரு குழந்தை இருந்திருந்தா?"

அவர் சட்டை நுனியால் ஆபரேஷன் ஆன கண்ணைத் துடைக்கப் போனார். மகள் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, பையிலிருந்து சுத்தமான துணியை எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு மேசைக்கு அருகில் போய் நின்றார்.

"சார், இன்னைக்கே அந்தத் தெருவைத் தோண்டச் சொல்லுங்க. என் பொண்ணு எழுதினதுதான் சரியான ரிப்போர்ட்."

"அது சரிங்க" என்று இன்ஜினீயர் தயங்கினார். "அப்போ மத்த தெருக்கள்? நீங்க அஞ்சு வருஷமா எடுத்த ரிப்போர்ட் எல்லாம்..."

கண்டக்டருக்கு அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவே முடியவில்லை. யாராவது குறுக்கே ஏதாவது சொல்லமாட்டார்களா என்று மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

சுத்தக்காரர் மட்டும் நிமிர்ந்து நின்றார்.

"என் கையெழுத்து இருக்கற ஒவ்வொரு தாளையும் அடிச்சுடுங்க சார். எல்லாத் தெருவுக்கும் புதுசா எடுக்கணும். எடுக்கறது அவ. பெட்டி தூக்கறது நான்."