செய்யூரில் திறக்காத பாடம்

கேளம்பாக்கத்தில் கொட்டும் மழை. ஷேர் ஆட்டோவில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர் ஒன்றாகக் கால் வைத்தார்கள்.

"ஹலோ, நான்தான் முதல்ல கை காட்டினேன்!" என்றாள் விஷாகா.

"கை காட்டினா சீட்டு உங்களுதா?" என்றவன் சிரித்தபடி விலகிக்கொண்டான். இமையெல்லாம் மழைத்துளி... அய்யோ பாவம்!

அன்று மத்தியானமே செங்கல்பட்டில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே வந்து சொட்டச் சொட்ட நின்றான். அஸ்வத், சாஃப்ட்வேர் விற்கும் நாவலூர் கம்பெனி. மருத்துவமனைக்கு, நர்சுகள் போனிலேயே பாடம் படிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பது விஷாகாவின் பொறுப்பு.

"எங்க நர்சுங்க செய்யூர் சவுக்குத் தோப்புப் பக்கம் வேலை பாக்கறாங்க. சிக்னலே கிடையாது. பாம்புக்கடிப் பாடம் அங்க திறக்கணும். தப்பானதை வாங்கினா ஒரு உயிரே போயிடும்."

அடுத்த வாரம் செய்யூருக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கே வேலை பார்க்கும் வேண்டா என்ற நர்ஸ் போனைத் தொட்டதும் பாடம் ஓடியது.

"சூப்பரா கீது மேடம்!"

விஷாகாவுக்குச் சந்தோஷம்... கொஞ்சம் அதிகமாகவே. அஸ்வத் முகம்தான் சரியில்லை.

"வேணாங்க. இது எங்க மேனேஜர் டெமோவுக்காக ஏத்தி வச்ச வெறும் வீடியோ. நிஜ ஆப் இதான்."

திறந்தான். வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

இவனைப் போய் எப்படி வேண்டாம் என்பது? மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சிக்னல் இல்லாமல் ஓடும் வேறு கம்பெனியைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

"சரியான முடிவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன், அப்புறம் பேசவே இல்லை. அவன் வேலைக்கு ஏதாவது ஆபத்தோ? கோபமோ? வேண்டாம் என்று சொன்னவளே வலியப் போய் நிற்பதா? வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு சாயங்காலம், கேளம்பாக்கம் ஸ்டாண்டில் போய் நின்றாள்.

"என்னங்க, இன்னிக்கும் சீட்டு கிடைக்கலையா?" பின்னால் அதே குரல்!

"வந்த ஆட்டோவையெல்லாம் விட்டுட்டு நிக்கறேன். ஏன் போனே பண்ணல?"

"ஆர்டருக்காக அலையறேன்னு நீங்க நினைச்சிட்டா? ஆர்டர் பேசறப்ப சொல்லியிருந்தா அது இன்னும் அசிங்கம்."

"எதை?"

"உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்கறதை..."

அவள் முகம் சிவந்தது. "நான் சாஃப்ட்வேரைத்தான் வேணாம்னேன் அஸ்வத்."

ஆட்டோ வந்து நின்றது. "ஒரு சீட்டுதான் கீது, யாரு ஏர்றீங்க?"

"நீங்க போங்கண்ணா" என்றாள் விஷாகா. தூறல் ஆரம்பித்திருந்தது.