ஊன்றக் கூடாத கால்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்.

கட்டிலில் யக்ஞநாராயணன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். உடைந்த வலது கணுக்காலில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.

நாற்காலியில் அனிருத். தம்பி மகன். எலும்பு டாக்டர்.

வாசலோரம் பெரியவரின் மனைவி அபிதகுஜாம்பாள்.

"பெரியம்மா, மெடிக்கல்ஸ்ல இந்த மாத்திரையை வாங்கிண்டு வந்துடுங்கோ."

அவள் போனாள். இப்போது இரண்டு பேர்.

அனிருத் பையைத் திறந்தான்.

"என்னடா ஊசி?"

"வலிக்கு."

"எனக்கு வலியே இல்லையே."

"இனிமேலும் இருக்காது பெரியப்பா."

பெரியவர் தலையணையடியில் செல்போனைத் தேடினார்.

மூன்று வாரம் முன்பு, குரோம்பேட்டையில் அவர்கள் தெருமுனையில், பூக்கார அம்மணியைக் கொன்று, பெரியவர் காலையும் உடைத்துவிட்டு நிற்காமல் பறந்தது ஒரு கார். ஓட்டியவனை அவர் பார்த்திருந்தார். அவனே சரணடைவான் என்று காத்திருந்தார்...

"நேத்து சொன்னதுதான். சாயங்காலத்துக்குள்ள நீயா ஸ்டேஷனுக்குப் போ. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"குடும்ப மானம் போயிடுமே."

"நீ நிறுத்தாம போனியே, அன்னிக்கே போயிடுத்து."

ஒரே கதவு. ஜன்னலில் கம்பி. கத்தினால் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் விழுங்கிவிடும். அவர் செல்போன் அனிருத்தின் பாக்கெட்டில்.

"ஓடிப் பாக்கறேளா? ஆறு வாரம் காலை ஊனக் கூடாது."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மூணு தடவை அளக்க வந்தேன். படுத்தேதானே கெடந்தேள்."

ஆபரேஷனான காலைச் சீக்கிரம் ஊன்றலாமா, ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா? அவன் மருத்துவமனையில் ஆய்வு நடந்தது. பெரியவரும் அதில் சேர்ந்திருந்தார். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று, கால் எவ்வளவு தேறியது என்று அளவெடுக்கும் டாக்டருக்கு மட்டும் தெரியக் கூடாது.

அளவெடுத்தவன் அனிருத்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியில் மருந்தை ஏற்றினான்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பினான்.

கட்டில் காலி!

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"பெரியப்பா... எப்படி?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்தே நடக்கற கோஷ்டிடா நான். அளக்க வரவன் எதிர்ல படுத்தே இருக்கணும்னு கையெழுத்து வாங்கிண்டா. போட்ட கையெழுத்தை நான் மீறினதில்லை."

"திறங்கோ பெரியப்பா. நான் உங்க பிள்ளை மாதிரி."

"அதனாலதான் போலீஸுக்கு நானே பேசறேன். வேறத்தியார் சொன்னா அசிங்கம்."

ஹாலில் லேண்ட்லைனை எடுத்தார்.

பெரியவர் ஒற்றைக் காலில் நொண்டியடித்துத் தப்பினார் என்று குரோம்பேட்டை முழுக்கப் பேச்சு.

தவறு. இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நடந்தார். வேட்டி மடிப்புகூடக் கலையவில்லை.