மீசை வைத்த டிராகன்

டொறத்திக்குப் பிடரி விண் விண்ணென்று வலித்தது.

பின்னே? டிராகனுக்குச் செதில் வெட்டுவது கறிக்கு வெங்காயம் வெட்டுவதா? ஒரு கிழமையாகக் குனிந்த தலை நிமிரவில்லை. ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. அதில் கையாலேயே டிராகன் செதுக்கிய இரண்டு கல்யாண மோதிரங்கள். இன்று பின்னேரம் சேர்ச்சில் மாற்ற வேண்டியவை.

போன் அலறியது!

மணப்பெண் லவினியா.

“அக்கா... எங்கட மோதிரத்தை முகுந்த் அண்ணைக்கு வித்திட்டீங்களோ?”

“என்ன விசர்க்கதை பிள்ளை?”

“அவற்ற கடைக் கண்ணாடிக்குள்ள ஒண்டு கிடக்குது! நான் கேட்ட அதே வெல்ஷ் டிராகன்! அச்சு அசல்!”

டொறத்தி பெட்டியைத் திறந்தாள்.

காலி!

“ஐயோ மாதாவே!”

லவினியாவின் தாய் நம்பிக் கொடுத்த காப்புகளை உருக்கிய தங்கம் அது. தொலைந்தால், ஒரு தமிழ் வீடும் இனி டொறத்தியின் கையில் குண்டுமணிப் பொன் கொடுக்காது!

முகுந்த்... நேற்று அரம் இரவல் கேட்டு வந்து, தேத்தண்ணியும் குடித்துப் போன பக்கத்துத் தெருப் பத்தர்!

டொறத்தி ஓடினாள். அவன் கடையில் லவினியா, வெள்ளைக்கார மாப்பிள்ளை ஓவன், அவர்கள் கூப்பிட்ட போலீஸ்காரி யூலியா. தமிழில் பேசுவதையெல்லாம் லவினியா ஒரு சொல் விடாமல் யூலியாவுக்கு ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இது என்ர கைவேலை அக்கா!” முகுந்த் நெஞ்சை நிமிர்த்தினான். “உங்கட எண்டதுக்கு என்ன ஆதாரம்?”

டொறத்தி மோதிரத்தைப் பார்த்தாள். திடுக்கிட்டாள்.

“டேய்... மீசை எங்க?”

“எந்த மீசை?”

“நான் வச்ச மீசை! மேல ரெண்டு நீட்டு, நாடியில நாலு கட்டை!”

“டிராகனுக்கு ஏன் அக்கா மீசை?” லவினியா விழித்தாள்.

“நீர்தானே போனில வெல்ஸ் டிராகன் எண்டனீர்! வெல்ஸ் எண்டா ஜெர்மன்ல கெளிறு. கெளிற்று மீனுக்கு மீசை இல்லையோ?”

யூலியா இருமினாள். சிரிப்பை விழுங்கும் இருமல்.

முகுந்தால் விழுங்க ஏலவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வெல்ஷ் அக்கா, வெல்ஷ்! வேல்ஸ் எண்டு ஒரு நாடு! இந்த மாப்பிள்ளையின்ர நாடு! அவையின்ர கொடியில நிக்கிற சிவப்பு டிராகன்! அதுக்கு மீசையே கிடையாது! உதுகூடத் தெரியாமல் ஒரு தொழில்! இரவிரவா இருந்து அரத்தால வழிச்ச எனக்கெல்லோ தெரியும் என்ர பாடு...”

நாக்கைக் கடித்தான்.

லவினியா கடைசிச் சொல்வரை மொழிபெயர்த்து முடித்திருந்தாள்!

யூலியா மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். உள்ளே இரண்டாவது மோதிரம்... ஒரு பக்கம் மட்டும் மீசையோடு!

ஓவன் முதல் மோதிரத்தை விரலில் போட்டான். கண் கலங்கியது. ஊர்க் கொடி அப்படியே!

யூலியா விலங்கை எடுத்தாள்.

“பொறுங்கோ மேடம்!” டொறத்தி குறுக்கே பாய்ந்தாள். “மிச்சத்தையும் வழிச்சுப்போட்டுப் போகட்டும்! கல்யாணத்துக்கு நேரமாகுது!”

மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்த யூலியா, விலங்கை மேசையில் வைத்தாள்.

முகுந்த் வழித்தான். ஊதினான். நீட்டினான். பிறகு விலங்குக்குக் கையை நீட்டினான்.

வாசலில் திரும்பினான்.

“அக்கா, களவுக்கு வழக்குப் போடுங்கோ. செய்த வேலைக்கு?”

டொறத்தி சேர்ச்சுக்கு ஓடிவிட்டாள்.

இரண்டு டிராகன்களுக்குச் சவரம் செய்த கூலி... அவள் அவனுக்கு இன்னும் கொடுக்கவில்லை!