கெண்டைப் பாத்தி

தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தடியை ஓங்கினார். மீன் தப்பித்துக்கொண்டது, அவருடைய கால் கட்டைவிரல் தப்பவில்லை. ஒற்றைக் காலில் அவர் ஆடிய ஆட்டத்தில் பக்கத்திலிருந்த கூடையும் கவிழ்ந்தது. வலைக்காரர்கள் விடிந்ததிலிருந்து பாடுபட்டுப் பிடித்ததில் பாதி, வழுக்கிக்கொண்டு திரும்பவும் ஏரிக்கே போய்ச் சேர்ந்தது.

"மாப்பிள்ளை, நீங்க துணி வெட்டுறதோட நிறுத்திக்கங்க," என்றார் வலைக்காரர்களின் தலைவர். அவர் தையல்காரருடைய மனைவியின் அண்ணன். அதனால் அத்தோடு விட்டார். வேறு யாராவதாக இருந்தால் மீனோடு சேர்த்து ஏரியில் தள்ளியிருப்பார்.

எங்கிருந்தோ வந்து அந்த ஏரியையே பிடித்துக்கொண்ட சீமைக்கெண்டைகள் அவை. அடிச்சேற்றைக் கலக்கி, பாசியைப் பிடுங்கி, மற்ற மீன்களின் முட்டைகளை விழுங்கி, தண்ணீரைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. பிடிக்கப் பிடிக்கப் பெருகின. சமைத்தால் சேறு நாறும். சும்மா கொடுத்தாலும் ஆளில்லை. செடியின் வேருக்கடியில் புதைத்தால் மட்டும், பட்ட கட்டையும் துளிர்க்கும் என்றார்கள்.

தையல்காரருக்குப் பட்ட கட்டை துளிர்க்க வேண்டாம். ஒரே ஒரு வெள்ளரிக்காய் போதும். அவர் மனைவி மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தாள். வாய்க்குள் போனதெல்லாம் திரும்பி வந்தது. "பிழைச்சுடுவாளா?" என்று மருத்துவரைக் கேட்டால், "பார்க்கலாம்," என்பார். நர்ஸைக் கேட்டால், "டாக்டரைக் கேளுங்க," என்பாள். அப்புறம் யாரைத்தான் கேட்பது, தையல் மிஷினையா? ஒரு நாள் அதையும் கேட்டுப் பார்த்தார். அதுவும் கடகடவென்று எதையோ சொல்லி மழுப்பியது.

"நம்ம தோட்டத்து வெள்ளரின்னா ஒரு கடி கடிப்பேங்க," என்றாள் அவள் ஒரு மாலையில். பின்கட்டுப் பாத்தியில் அப்போது காய்ந்த கொடி மட்டும்தான் இருந்தது. அதனால்தான் மறுநாள் காலையில் அவர் ஏரிக்கரையில் தடியும் கையுமாக நின்றார்.

"வீட்டுல போயாவது தலையில ஒரு போடு போட்டுட்டுப் புதைங்க," என்று மச்சான் ஈரச் சாக்கைத் தூக்கிக் கொடுத்தார். "உயிரோட மட்டும் மண்ணுக்குள்ள விட்டுடாதீங்க."

"விட்டா என்ன ஆகும் மச்சான்?"

"சொன்னதைச் செய்ங்க மாப்பிள்ளை."

குழியை வெட்டிவிட்டுச் சாக்கைத் திறந்தார். எல்லாமே உயிரோடிருந்தன. உதடுகள் வட்டமாக நீண்டு, மூடி, மறுபடி நீண்டன, எதையோ சொல்ல வந்து மறந்துபோனதைப் போல. எறும்பைத் தாண்டிக் காலை வைக்கிறவர் அவர். தடியை வேலியோரம் சாத்தினார். "உள்ள போனா தானா அடங்கிடும்," என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் மண்ணைப் போர்த்தினார். மண் கொஞ்ச நேரம் அசைந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர் ஊற்றும்போது ஒரு சத்தம் கேட்டது. வாளியைச் சாய்த்ததும் பாத்தியில் தேங்கி, ஓரமாக நெளிந்து, ஆற அமரக் கீழே இறங்கவேண்டிய தண்ணீர், அங்கங்கே சின்னச் சுழிகளாகச் சுழன்று, வெயிலில் நடந்து வந்தவன் செம்பை வாங்கி அண்ணாந்து குடிப்பதுபோல், மடக் மடக்கென்று மண்ணுக்குள் போனது. அழுகல் வாடை இல்லை. ஈ இல்லை. மீனென்றால் உயிரை விடும் பக்கத்து வீட்டுப் பூனை மதிலைவிட்டு இறங்கவே இல்லை.

கொடி மட்டும் எழுந்துகொண்டது. பந்தலேறியது, பூத்தது, காய்த்தது. முதல் காயை அவள் கடித்தாள். கடித்தது உள்ளேயே தங்கியது. தையல்காரர் சமையலறைக்குப் போய், வெங்காயம் எதுவும் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சாக்கு சாக்காகக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் மச்சான், "அடிச்சீங்கல்ல?" என்பார். "அடிச்சேன் மச்சான்," என்பார் இவர்.

அவள் தேறினாள். அவள் மெலிய மெலிய அவர் பிடித்துத் தைத்த சட்டைகளை இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். தையலைப் பிரிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று எந்தத் தையல்காரனும் சொன்னதில்லை. ஆனால் அளவெடுக்கையில் ஒரு நாள் நாடாவை உதறிவிட்டுத் திரும்ப எடுத்தார். இடுப்பு, மார்பு, தோள், கழுத்து. எல்லா அளவுகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. நாடா பழசாகி இழுபட்டிருக்கும் என்று புதிது வாங்கினார். புதியதும் அதையே சொன்னது.

"குண்டாயிட்டேனாங்க?"

"யாரு சொன்னா? என் நாடாதான் இளைச்சுப்போச்சு."

அவருடைய அசட்டு ஜோக்குகளுக்கெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து சிரித்து வந்தவள், சிரிக்கவில்லை. உதடுகள் மட்டும் வட்டமாக நீண்டு, மூடின.

அவள் இப்போது வெள்ளரியைக் கடிப்பதில்லை, உறிஞ்சினாள். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது தொண்டைக்குள் இறங்கும் சத்தம் அவருக்கு ஏற்கெனவே பழக்கமான சத்தம். தலையணை உறையை எத்தனை முறை துவைத்தும் ஏரிக்கரை வாடை போகவில்லை. தூங்கும்போதும் கண்கள் திறந்தே இருந்தன. மார்பு ஏறி இறங்கவில்லை. கழுத்துப்பட்டிதான் இரண்டு பக்கமும் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

'பிழைச்சுக்கிட்டாளே, அது போதாதா,' என்று திரும்பிப் படுத்தார்.

ஒரு மதியம் தங்கையைப் பார்க்க மச்சான் வந்தார். அறை வாசலோடு நின்றுவிட்டார். கட்டிலிலிருந்து அவள் இமைக்காமல் அவரைப் பார்த்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. மச்சான் தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப்போனார்.

"நிஜமா அடிச்சீங்களா மாப்பிள்ளை? என்மேல சத்தியமா?"

தையல்காரர் வேலியோரத் தடியைப் பார்த்தார். "மச்சான், அவ பிழைச்சுடுவாள்ல? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

மச்சான் பாத்தியைப் பார்த்தார்.

"எனக்கு வேலை கிடக்கு," என்றார். கொதிக்கிற சாலையில் வெறுங்காலோடு வேகமாக நடந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

வானம் இருண்டுகொண்டு வந்தது. தையல்காரர் மண்வெட்டியை எடுத்தார். கொடி காய்ந்து கிடந்தபோது முதன்முதலாகப் புதைத்த இடத்தில் தோண்டினார்.

மீன் முழுதாக இருந்தது. ஒரு செதில்கூட உதிரவில்லை. வெள்ளரியின் வெள்ளை வேர்கள் செவுள்களுக்குள் நுழைந்து வெளிவந்து, ஓட்டுத்தையல் போட்டதுபோல் அதை மண்ணோடு சேர்த்துத் தைத்திருந்தன. கண் தெளிவாக இருந்தது.

வாய் வட்டமாக நீண்டது.

தடியை எடுத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. ஓங்கினார்.

வீட்டுக்குள் அவள் மூச்சுத் திணறினாள்.

அடிக்காமல் தடியைத் தாழ்த்தினார். திணறல் நின்றது.

மறுபடி ஓங்கினார். கட்டிலிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது. கனமாக. ஈரமாக. துடித்தது. தரையில் அடித்து அடித்துத் துடித்தது.

தடியை வீசினார். மண்ணைக் கையாலேயே அள்ளி மூடினார். வாளியைக் கவிழ்த்தார். "குடி. குடிச்சுக்கோ. உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் அடிக்க மாட்டேன். அடிக்கவே மாட்டேன்." யாரிடம் சொல்கிறார்? தெரியவில்லை. சொன்னார்.

உள்ளே சத்தம் அடங்கியது. பின்கதவு திறந்தது.

அவள் வந்தாள். கால்களை எடுத்து வைக்காமல், இழுத்து இழுத்து. பாத்தியின் நடுவில் உட்கார்ந்தாள்.

"உள்ள வாம்மா. மழை வருது."

முதல் துளி விழுந்தது. மண்ணில் ஒரு துளை திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக, பொத்தான் துளை வெட்டியதுபோல் ஒழுங்காக, பாத்தி நெடுக. ஒவ்வொரு துளையிலும் வெளிறிய உதடுகள். நீண்டன. மூடின. எல்லாம் சேர்ந்தாற்போல். அவள் உதடுகளும்.

அவர் சேற்றில் மண்டியிட்டார். அவள் கையைப் பிடித்தார். வழுக்கியது. இறுகப் பிடித்தார்.

"நீ பிழைச்சுடுவேல்ல? எல்லாரும் மழுப்புறாங்க. நீயாவது உண்மையைச் சொல்லேன்."

அவள் திரும்பினாள். திறந்த கண்களுக்குள் மழை விழுந்தது. இமைக்கவில்லை. அந்த முகத்தில் அவர்மேல் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க," என்றாள். "அவ பிழைக்கலை. கொடி துளிர்த்த அன்னைக்கே போயிட்டா. அந்த முதல் வெள்ளரியைத் தின்னதே அவ இல்லை."

அந்தக் கடைசிச் சொல்லோடு பாத்தியின் எல்லா வாய்களும் அவரைப் பார்த்துத் திறந்தன. பிறகு மூடவில்லை.