முழங்கால் சாட்சி

"ஐயோ... தம்பி!"

டாக்டரின் மனைவி போட்ட அலறலில் ஆஸ்பத்திரியே மாடிப்படிக்கு ஓடி வந்தது.

கடைசிப் படியில் கழுத்து திரும்பிக் கிடந்தான் அவளுடைய தம்பி. டாக்டருக்கு மச்சினன்.

மேல்படியில் டாக்டர்!

"முட்டி மடங்கிடுச்சு... என் கண்ணு முன்னாலயே விழுந்துட்டான்..." என்று தலையில் அடித்துக்கொண்டார். தள்ளிவிட்ட அதே கையால்.

மச்சினன் ஆய்வுக்கூடத்து ஆள். முழங்காலில் தேய்ந்துபோன குருத்தெலும்பை மறுபடி வளரச் சொல்லி உசுப்பும் க்ரோத் ஃபேக்டர் ஊசி மருந்து அவன் தயாரிப்பு. அதற்குத் தன் பெயரை வைத்துக்கொண்டவர் டாக்டர். போஸ்டர்களில் டாக்டர் கைகட்டிச் சிரிப்பார். பக்கத்தில், அந்த ஊசி போட்டுக்கொண்ட முதல் ஆளாக மச்சினன் ஓடுவான்.

ஆனால் மருந்து மெதுவாகத்தான் தயாராகும். டாக்டருக்குப் பொறுமை ஏது? வந்தவர் முட்டியிலெல்லாம் உப்புத் தண்ணீரைக் குத்தி அனுப்பினார். வலி போகவில்லையே என்று திரும்பி வந்தவர்களை, நம்பிக்கை பத்தவில்லை என்று அதட்டினார். வெட்கம், மானம் இரண்டும் அவர் உடம்பில் இல்லாத உறுப்புகள்.

மச்சினன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நாளைக்கே எல்லா நோயாளிகளையும் கூப்பிட்டுச் சொல்லப்போவதாக மாடிப்படியில் நின்று சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். தூங்குமூஞ்சி. உட்கார்ந்ததும் கொட்டாவி. இவளுக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான் என்று டாக்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அவள் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள்.

"இதுல ஓடறாரே... குணமான முட்டி எப்படி டாக்டர் மடங்கும்?"

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

மருந்து நல்ல மருந்து என்றால் முட்டி மடங்காது. கொலை! மருந்து போலி என்றால் மோசடி. மோசடிக்கு ஜாமீன் கிடைக்கும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்.

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம். எல்லாருக்கும் போட்டது வெறும் உப்புத் தண்ணி. இவனுக்கும் அதான். வலி மாத்திரை குடுத்து போஸ்டருக்கு ஓட வெச்சேன். அவன் முட்டி கடைசி வரைக்கும் சொத்தைதான்."

"அப்புறம் நல்லா நடந்தார்னு சொல்றாங்களே?"

"நடிப்பு."

"ஸ்கேன் எடுத்துப் பாத்தீங்களா?"

"தண்ணி குத்தின முட்டிக்கு எதுக்கு ஸ்கேன்?"

என்ன கேள்வி கேட்கிறாள், மண்டு!

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை முடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்கம்மா."

வந்தது டாக்டரின் மனைவி. அழுது அழுது வீங்கிய முகம். ஆனால் கணவரைப் பார்த்துப் பேசியபோது குரல் நடுங்கவில்லை.

"தம்பிக்கு ஊசி போட்ட அன்னிக்கு தட்டு கொண்டுவந்து வெச்சது நான்தாங்க. புதுசா செஞ்ச மருந்தை மொதல்ல தன் முட்டியிலயே பாக்கணும்னு தம்பி ஆசைப்பட்டான். நீங்க எடுத்து வெச்சிருந்ததும் மருந்துதான்னு நெனச்சு, அதை மாத்தி அவன் புதுசா செஞ்சதை வெச்சேன். நீங்க பாக்கவே இல்ல."

 

இன்ஸ்பெக்டர் சாவகாசமாகச் சொன்னாள். போஸ்ட்மார்ட்டத்தில் முழங்காலைப் பிளந்து பார்த்தார்களாம். ஓட்டை விழுந்திருந்த இடத்தில் புதுக் குருத்தெலும்பு வளர்ந்து மூடியிருந்ததாம். தனக்கு மட்டும் குணமாகி, மற்றவர்களுக்கு ஏன் ஆகவில்லை என்று யோசித்துத்தான் மச்சினன் விஷயத்தைக் கிளறியிருக்கிறான்.

"மேல்படியில அவர் சட்டை பட்டன் பிய்ஞ்சு கிடந்துது டாக்டர். முட்டி மடங்கி விழறவன் பட்டனைப் பிச்சு வெச்சுட்டா விழுவான்? நீங்கதான் தள்ளியிருப்பீங்கன்னு நேத்தே தெரியும். எதுக்குன்னுதான் தெரியல. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு முட்டியும் ஒன்றாக மடங்கின.

மனைவி அவரைப் பிடிக்கவில்லை. விலகி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"பாத்து டாக்டர்... இந்த ஆஸ்பத்திரியில நிஜ மருந்து செய்யத் தெரிஞ்ச ஒரே ஆளையும் தள்ளிவிட்டுட்டீங்க. இனிமே உங்க முட்டிக்கு உப்புத் தண்ணிதான்!"